மூத்த பந்துவீச்சாளரை வாங்கலாமா?

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தாயில்பட்டி டீக்கடையில் ஆளுக்கொரு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கோ ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவிச்சந்திரன் அஷ்வின் பெயர் வந்தது. அடிப்படை விலை 2 கோடி. சென்னை கை தூக்க, ராஜஸ்தான் விடாமல் ஏற்ற, கடைசியில் 9.75 கோடிக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கியது. அவ்வளவுதான், கடையில் ஒரே விசில். "நம்ம ஆளு வீட்டுக்கு வந்துட்டாருப்பா!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரிதாம்ப்பா. போன சீசன்ல எத்தனை விக்கெட் எடுத்தாரு?"

யாருக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை. பதில்: 15 ஆட்டங்களில் 9 விக்கெட்.

ஒரு அணி தன் பந்துவீச்சைப் பலப்படுத்த, பேரும் புகழும் உள்ள மூத்த பந்துவீச்சாளரைப் பெரிய விலை கொடுத்து வாங்கலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இது சென்னைக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. அமெரிக்க பேஸ்பால் அணிகளுக்கும் உண்டு, பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடும் பட்டிதொட்டி அணிகளுக்கும் உண்டு. ஆனால் சென்னையின் கதையில் எல்லாக் கணக்கும் வெளியில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குவது சுலபம்.

முதலில் பணக் கணக்கு

2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் மொத்தம் 120 கோடி. சென்னை ஏலத்துக்கு முன்பே ஐந்து பேரைத் தக்கவைத்துக்கொண்டது. ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ரவீந்திர ஜடேஜா 18 கோடி, பதிரானா 13 கோடி, சிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி. ஆக 65 கோடி காலி. மீதி 55 கோடியில்தான் அணியின் மற்ற எல்லோரையும் வாங்க வேண்டும்.

அந்த 55 கோடியில் அஷ்வினுக்கு 9.75 கோடி. கிட்டத்தட்ட 18 சதவீதம். அதே ஏலத்தில் ஆப்கானிஸ்தானின் நூர் அகமதுக்கு 10 கோடி. ஏற்கனவே ஜடேஜாவுக்கு 18 கோடி. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் 37.75 கோடி, அதாவது மொத்தப் பணத்தில் 31 சதவீதத்துக்கும் மேல். பேட்டிங்குக்கு மிச்சம் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்பு எப்படிப் போனது என்பது ஊருக்கே தெரியும்.

2025இல் சென்னை 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐபிஎல் வரலாற்றில் சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல்முறை. அஷ்வின் ஆடியது 9 ஆட்டம், எடுத்தது 7 விக்கெட், ஓவருக்குக் கொடுத்தது 9 ரன்னுக்கும் மேல். கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்த 20 வயது நூர் அகமது 24 விக்கெட். ஒரு விக்கெட் என்ன விலைக்கு விழுந்தது என்று வகுத்துப் பார்த்தால் அஷ்வின் கணக்கில் சுமார் 1 கோடியே 39 லட்சம். நூர் கணக்கில் சுமார் 42 லட்சம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீசன் நடுவே அஷ்வினின் யூடியூப் சேனலில் பேச வந்த விருந்தினர் ஒருவர், ஜடேஜாவும் அஷ்வினும் இருக்கும்போது நூர் எதற்கு என்கிற மாதிரி பேசப்போய்ப் பெரிய சர்ச்சையாகி, அந்த சீசன் முழுக்கச் சென்னை ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதையே சேனல் நிறுத்திக்கொண்டது. கேள்வி சரியான கேள்விதான். மூன்று பேரில் ஒருவர் அதிகம். ஆனால் அந்த அதிகமான ஒருவர் யார் என்பதில்தான் தப்பு நடந்தது :-)

அஷ்வின் மேல் குறையா?

இல்லவே இல்லை. 106 டெஸ்ட், 537 விக்கெட். அனில் கும்ப்ளேவுக்கு அடுத்தபடியாக இந்தியாவுக்காக டெஸ்டில் அதிக விக்கெட் எடுத்தவர். 2011 இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்தில் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்கவிடாமல் அனுப்பினாரே, அந்த ஒரு பந்தை இன்னும் பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். ஐபிஎல்லில் மொத்தம் 221 ஆட்டம், 187 விக்கெட். யாரும் இதில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது.

ஆனால் ஏலத்தில் வாங்குவது 2011ஐ அல்ல. வாங்குவது அடுத்த சீசனின் ஓவர்களை. அஷ்வினின் கடைசிச் சில சீசன்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2023இல் 14 விக்கெட். 2024இல் 9. ஏலம் நடந்தபோது அவருக்கு வயது 38. ஏலம் முடிந்து 24 நாளில், டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்தார். 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐபிஎல்லுக்கும் விடை சொல்லிவிட்டார். மெகா ஏலத்தில் எடுப்பதே மூன்று வருஷத்துக்கு அணியைக் கட்டத்தான். சென்னைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருஷம்.

"முடிஞ்ச பிறகு யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயம். ஆனால் 14லிருந்து 9க்கு இறங்கியது ஏலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியால் ஒவ்வொரு அணியும் ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாக இறக்குகிறது என்பதும், 2024இல் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. சிக்கனமாகப் போட்டு, கீழ்வரிசையில் 20 ரன் சேர்க்கும் ஆளுக்கு முன்பிருந்த மதிப்பு அந்த விதியால் குறைந்துவிட்டது. டீக்கடை அண்ணாச்சிக்குத் தெரிந்தது பெரிய கோட்டு சூட்டுக்காரர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்படியானால் வயசானவர்களே வேண்டாமா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 2025 தோல்வியைப் பார்த்துவிட்டு "கிழட்டு சிங்கங்களை வாங்கினால் இப்படித்தான்" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். ஆனால் இதே சென்னை 2018இல் என்ன செய்தது? இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்த அணி, முப்பதைத் தாண்டியவர்களாகப் பொறுக்கி எடுத்தது. "டாடீஸ் ஆர்மி" என்று ஊரெல்லாம் கேலி. 36 வயது ஷேன் வாட்சன் இறுதிப் போட்டியில் 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். அடுத்த வருஷம் 2019இல், 40 வயது இம்ரான் தாஹிர் 26 விக்கெட் எடுத்து ஊதா தொப்பி வாங்கினார். விக்கெட் விழுந்ததும் அவர் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் பதினெட்டு வயசுப் பையன்கூட வெட்கப்படுவான்.

அப்போது சரியாகப் போனது, இப்போது ஏன் தப்பியது? விலையைப் பாருங்கள். 2018 ஏலத்தில் தாஹிர் 1 கோடி. ஹர்பஜன் சிங் 2 கோடி. வாட்சன் 4 கோடி. தாஹிர் 26 விக்கெட் எடுத்த சீசனில் ஒரு விக்கெட்டின் அடக்க விலை 4 லட்சம்கூட வராது. தாஹிர் ஒன்றுமே எடுக்காமல் போயிருந்தாலும் சென்னை கவிழ்ந்திருக்காது, நஷ்டம் 1 கோடியோடு போயிருக்கும். மூத்தவரை வாங்குவதில் உள்ள ரிஸ்க் விலையிலேயே கழிக்கப்பட்டிருந்தது.

இதைவிடத் தெளிவான உதாரணம் பியூஷ் சாவ்லா. 2019 டிசம்பர் ஏலத்தில் சென்னை அவரை 6.75 கோடிக்கு வாங்கியது. 2020 சீசனில் 7 ஆட்டம், 6 விக்கெட். சென்னை முதல்முறையாக பிளே ஆஃபுக்குப் போகாமல் ஏழாவது இடம். 2022 ஏலத்தில் சாவ்லாவை வாங்க ஆளே இல்லை. அடுத்து 2023 சீசனுக்கு மும்பை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தது. 34 வயதில் 22 விக்கெட்! அதே ஆள், மூன்று வயது கூடியிருந்தது. வயது கூடக்கூட விக்கெட்டும் கூடியது, விலை மட்டும் பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே "வயசு" என்பதைத் தனியாகப் பிடித்துத் தொங்குவதில் பயன் இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வரி

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே ஒரு விதி வரும். இறுதிச் சரக்கிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். சிவகாசி வட்டாரத்தில் இதைப் படிக்காதவருக்கும் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் மிஞ்சிய பெட்டியைப் போன வாரத்து விலைக்கு யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அது நன்றாகவே வெடிக்கலாம், நமத்தும் போயிருக்கலாம். அந்தச் சந்தேகத்தை விலையில் கழித்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

மனிதர்கள் சரக்கு இல்லை, உண்மைதான். ஆனால் ஏலம் என்று ஒன்று வைத்து, ஆளுக்கொரு விலை எழுதுகிற விளையாட்டில் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சென்னை அஷ்வினுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதிதான் ஓவர்களுக்கு. மீதி, புத்தகத்தில் "நற்பெயர்" என்று வருமே, அதற்கு. நம்ம ஊர்க்காரர், பழைய சென்னைக்காரர், சேப்பாக்கத்தை உள்ளங்கை மாதிரி அறிந்தவர். ஜெர்சி விற்கும், விசில் பறக்கும். தவறில்லை. ஆனால் நற்பெயர் நான்கு ஓவர் போடாது. அந்த சேப்பாக்கம்கூடக் கை கொடுக்கவில்லை. மும்பையைத் தோற்கடித்துத் தொடங்கிய சென்னை, அதன்பின் சொந்த மைதானத்திலேயே வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. பெங்களூரு அங்கே 2008க்குப் பிறகு 2025இல்தான் ஜெயித்தது.

பெஞ்சில் உட்கார்ந்த பையன்

பணம் போனால் போகட்டும், அடுத்த ஏலத்தில் திரும்ப வரும். திரும்ப வராதது வேறு ஒன்று.

சாவ்லாவை 6.75 கோடிக்கு எடுத்த அதே 2019 ஏலத்தில், சென்னை இன்னொரு சுழற்பந்து வீச்சாளரையும் எடுத்தது. விலை 20 லட்சம். வயது 23. இடதுகை. பெயர் சாய் கிஷோர். தமிழ்நாட்டுக்காரர், சென்னைப் பையன். 2020, 2021 என இரண்டு சீசன் மஞ்சள் சட்டையில் இருந்தார். எத்தனை ஆட்டம் ஆடினார் தெரியுமா? பூஜ்யம். 2020இல் அணி தொடர்ந்து தோற்று, பிளே ஆஃப் கனவு கலைந்த பிறகும்கூட ஒரு வாய்ப்பு இல்லை.

2022இல் குஜராத் டைட்டன்ஸ் அவரை 3 கோடிக்கு வாங்கியது. முதல் ஐபிஎல் ஆட்டத்தை அங்கேதான் ஆடினார், அந்த வருஷமே குஜராத் கோப்பையும் வென்றது. 2025இல் அஷ்வின் 9.75 கோடிக்கு 7 விக்கெட் எடுத்த அதே சீசனில், குஜராத்துக்காக 2 கோடிக்கு ஆடிய சாய் கிஷோர் 19 விக்கெட். "நம்ம ஊர் ஆளு வேணும்" என்பதுதான் காரணம் என்றால், அந்த நம்ம ஊர் ஆள் இரண்டு வருஷம் சென்னையின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்!

மூத்தவரை வாங்கும்போது கொடுக்கும் உண்மையான விலை இதுதான். காமர்ஸ் மொழியில் வாய்ப்புச் செலவு. அது ஏலப் பலகையில் வராது. ஒரு ஆட்டத்தில் 20 ஓவர்தான் இருக்கிறது. ஒருவருக்குப் போகும் நான்கு ஓவர் இன்னொருவரிடமிருந்து எடுத்ததுதான்.

பேஸ்பாலில் ஒரு பழைய கதை

அமெரிக்காவில் இந்தக் கதை இன்னும் வெளிப்படை. அங்கே ஏலம் கிடையாது, பண்டமாற்று. சீசன் நடுவே ஒரு அணி தன் இளம் வீரரைக் கொடுத்து, இன்னொரு அணியின் அனுபவசாலி பந்துவீச்சாளரை வாங்கிக்கொள்ளலாம். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அப்படித்தான் அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அவர் வந்த பிறகு 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. வாங்கியது நூற்றுக்கு நூறு பலித்தது என்று தோன்றுகிறது அல்லவா?

டெட்ராய்ட் கொடுத்தது யாரை? ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை. அதே மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவன். டெட்ராய்ட் அந்த வருஷம் கோப்பையை வெல்லவில்லை, அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்றது. அலெக்சாண்டர் இரண்டு வருஷத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஸ்மோல்ட்ஸ் இருபது வருஷம் அட்லாண்டாவின் தூணாக நின்று, 1996இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கி, 2015இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் நுழைந்தார்.

மறுபக்கமும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 34 வயது ஜஸ்டின் வெர்லாண்டரை டெட்ராய்டிடமிருந்தே வாங்கியது. அந்த வருஷமே ஹூஸ்டன் உலகத் தொடரை வென்றது. கோப்பைக்கு ஒரே ஒரு படிதான் பாக்கி, அந்தப் படியில் நிற்க ஆள் இல்லை என்றால் மூத்தவரை வாங்குவதில் அர்த்தம் உண்டு. வீட்டுக்கு அஸ்திவாரமே போடாத நிலையில் மாடிக்குக் கைப்பிடி வாங்கினால்?

எப்போது வாங்கலாம்?

அஷ்வின் கதையிலேயே இதற்கும் விடை இருக்கிறது. 2019 நவம்பரில் அவரைப் பஞ்சாபிடமிருந்து டெல்லி பரிமாற்றம் செய்து வாங்கியது. அப்போது வயது 33. டெல்லி இளசுகளின் அணி. ஷ்ரேயஸ் ஐயர், ரிஷப் பந்த், பிரித்வி ஷா என எல்லாம் சின்னப் பையன்கள். அனுபவம்தான் இல்லாத சரக்கு. அஷ்வின் வந்ததால் அக்சர் படேலின் இடமும் போகவில்லை, இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். 2020இல் அஷ்வின் 15 ஆட்டத்தில் 13 விக்கெட், டெல்லி முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது.

சென்னைக்கு 2025இல் அனுபவம் பற்றாக்குறையா? தோனி இருக்கிறார், ஜடேஜா இருக்கிறார். அனுபவத்தில் குளித்து எழுந்த அணி அது. இல்லாதது இளரத்தம். சீசன் பாதியில், எல்லாம் கைமீறிப் போன பிறகு 17 வயது ஆயுஷ் மாத்ரேயைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து 7 ஆட்டத்தில் 240 ரன் வெளுத்தார். அந்தத் துணிச்சல் ஏலத்தன்றே இருந்திருக்கக் கூடாதா?

"மூத்தவர் விக்கெட் எடுக்காவிட்டாலும் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவாரே" என்பது அடுத்த வாதம். இது லேசான வாதம் இல்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் இடத்தில் அனுபவமுள்ள போர்மேன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு அனுபவசாலி கூட நிற்பதன் விலை இங்கே உயிர்க் கணக்கில் இருக்கிறது. ஆனால் போர்மேனுக்குச் சம்பளம் கொடுப்பது பக்கத்தில் நின்று பார்க்க, பழக்கிவிட. எல்லாத் திரியையும் அவரே செருக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லித் தருவதற்குத்தான் வேண்டும் என்றால் பயிற்சியாளராகக் கூப்பிடலாமே. பதினொருவரில் ஓர் இடத்தையும் 9.75 கோடியையும் அதற்குச் செலவழிக்க வேண்டுமா?

ஜடேஜா போன கதை

2025 நவம்பர் 15 அன்று சென்னை இந்தப் பாடத்தை வேறு விதமாக எழுதிப் பார்த்தது. 12 சீசன் ஆடிய ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கிக்கொண்டது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை அனுப்பிவிட்டார்களே என்று தாயில்பட்டியிலும் பல பேருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ராஜஸ்தான் செய்ததைக் கவனியுங்கள். 18 கோடியில் இருந்த ஜடேஜாவின் விலை பரிமாற்றத்தில் 14 கோடியாகக் குறைந்தது. 37 வயதை நெருங்கும் ஆளுக்கு, 2025இல் 10 விக்கெட்டும் 301 ரன்னும் எடுத்தவருக்கு, நினைவுக்கு அல்லாமல் நிலவரத்துக்கு விலை. அது போதுமான கழிவா என்பதில் சண்டை போடலாம், ஆனால் கழிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அஷ்வின் விஷயத்தில் சென்னை செய்யத் தவறியது அதைத்தான்.

அதற்கடுத்த மாதம் சென்னை மறுகோடிக்குப் போனது. 2025 டிசம்பர் ஏலத்தில், கையில் இருந்த 43.40 கோடியில் 20 வயது பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி, 19 வயது கார்த்திக் சர்மாவுக்கு 14.20 கோடி. இருவருமே ஏலத்தன்று வரை இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள். கையிலிருந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போயிற்று. இளைஞர்களை நம்பியதற்குக் கைதட்டலாம். ஆனால் நேற்றைய பேருக்கு அதிக விலை கொடுப்பது எப்படித் தப்போ, நாளைய கனவுக்கு அதிக விலை கொடுப்பதும் அப்படித்தான். 20 லட்சத்துக்குக் கிடைத்த சாய் கிஷோரை உட்கார வைத்த அணி, ஐந்து வருஷம் கழித்து இளமையை மொத்த விலைக்கு வாங்கப் போயிருக்கிறது :-)

கண்மாய் கரையில்

கடைசியாக மறுபடியும் தாயில்பட்டி. கோடிக் கணக்கெல்லாம் இங்கே இல்லை. ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

பொங்கல் டோர்னமென்ட் வரும். முதல் பரிசு கொஞ்சம் பெரிய தொகை, பெரிய கோப்பை. உடனே அணியில் ஒரு பேச்சு எழும். சாத்தூர் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார், ஒரு காலத்தில் அவர் பந்தைத் தொட ஆளில்லை, இரண்டாயிரம் ரூபாயும் பெட்ரோல் காசும் பிரியாணியும் கொடுத்தால் கெஸ்ட் பிளேயராக வருவார். எல்லோரும் சரி என்பார்கள். அந்த அண்ணனுக்காக வெளியே உட்காரப் போவது யார்? வாரம் ஆறு நாள் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் யாருக்கும் முன்னால் வற்றிய கண்மாய்க்கு வந்து, கருவேல மரத்தடியில் செங்கலை ஸ்டம்பாக வைத்து வருஷம் முழுக்கப் பந்து போட்ட தம்பி. "அடுத்த தடவை உனக்குத்தான்டா" என்று தோளில் தட்டிவிட்டு, தண்ணீர் கேனை அவன் கையில் கொடுப்பார்கள்.

சில சமயம் அண்ணன் ஜெயித்துக் கொடுப்பார். அலெக்சாண்டர் டெட்ராய்டுக்குக் கொடுத்த மாதிரி. ஆனால் அடுத்த வருஷம் அண்ணன் வேறு ஊருக்கு ஆடுவார், தம்பி பந்து போடுவதையே விட்டிருப்பான்.

ஆகவே மூத்த பந்துவீச்சாளரை வாங்கலாமா? வாங்கலாம், மூன்று கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு. கொடுக்கும் விலை அவர் செய்ததற்கா, செய்யப் போவதற்கா? அணியில் இல்லாததை அவர் கொண்டுவருகிறாரா, இருப்பதையே இன்னொரு பங்கு கூட்டுகிறாரா? அவருக்காக எழுந்து போகிறவன் யார், அவனிடம் அதைச் சொன்னீர்களா?

தாஹிர் விஷயத்தில் முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் இருந்தது. அஷ்வின் விஷயத்தில் இல்லை. மூன்றாவது கேள்வியை மட்டும் 2020இலும் யாரும் கேட்கவில்லை, 2024இலும் கேட்கவில்லை. அந்த டீக்கடை அண்ணாச்சியை ஏல மேசையில் உட்கார வைத்திருந்தால் கேட்டிருப்பார்.